ஒரு தாளே போதும்

மின்விசிறியைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. மேசைமேல் தாள்கள் பறந்துகொண்டிருக்கும் அறையில் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது. ஐப்பசி மழையில் இவ்வளவு காற்றும் தேவையில்லை.

நன்றி.

உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைப் படித்தேன். மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் என்ற முறையில் நான் அதில் கையொப்பமிட வேண்டும் என்கிறீர்கள். 'அச்சு வழங்கியில் ஏற்பட்ட இயந்திரக் கோளாறு காரணமாக, நோயாளி செம்பியனின் இரத்தப் பரிசோதனை முடிவு உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்கீழ் இரண்டு பரிந்துரைகள். பழைய கணினிக்கு ஆதரவை நீட்டித்துக் கோளாற்றுக்கு இடமளித்த தொழில்நுட்பர் சேக் பரீதைப் பணிநீக்கம் செய்யலாம். ஆபத்தான முடிவை முறைப்படி அனுப்பத் தவறிய ஆய்வகப் பொறுப்பாளர் வினோதாவின் இடைநீக்கம் தொடரலாம். இதில் நான் கையொப்பமிட மாட்டேன். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தக் கட்டடத்தில் சொன்ன சொல்லைக் கேட்டது அது ஒன்றுதான்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். கேள்விகளை முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நெரவிக்காரன். வாழ்நாளெல்லாம் ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வுபெற்றவன். மணி அடித்த பிறகு வந்தவனை நான் வகுப்புக்குள் விட்டதில்லை. காய்ச்சல் என்பான், நாற்று நடவு என்பான், ஆற்றில் தண்ணீர் என்பான். வெளியே நில் என்பேன். அதற்காக என்னை வைதவர்கள் பலர். ஆனால் நான் இருந்த பள்ளிகளில் மணி அடிக்கும் முன்பே வளாகம் நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற பின், ஒழுங்கு தெரிந்த ஒருவர் வேண்டுமென்று அறக்கட்டளையினர் என்னைத் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்தார்கள். சேர்ந்த அன்று, அவசரச் சிகிச்சைப் பிரிவின் பெயர்ப்பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் கண்டேன். முதலில் அதைத்தான் சரிசெய்தேன்.

அச்சு வழங்கி என்பது என்னவென்று உங்கள் அறிக்கையில் எங்குமே விளக்கப்படவில்லை. என் அறைக்குப் பக்கத்துச் சிற்றறையில் இருக்கும் ஒரு கணினிதான் அது. மருத்துவமனையில் யார் எதை அச்சிடச் சொன்னாலும், அது முதலில் இதனிடம் வரும். இது வரிசைப்படுத்தி, உரிய வார்டில் உள்ள அச்சுப்பொறிக்கு அனுப்பிவைக்கும். ஊரில் அஞ்சல் நிலையம் பார்க்கும் வேலையை இது பார்க்கிறது. புதிய கணினிகள் எல்லாம் ஒரு முறையில் இதனோடு பேசும். ஆய்வகத்தில் இருந்த ஒன்று மட்டும் பழைய முறையில்தான் பேசும். இரத்தத்தைச் சோதிக்கும் கருவியோடு பிணைந்து வந்த கணினி அது; அதை மாற்றினால் கருவியையே மாற்ற வேண்டும். அந்த ஒன்றுக்காக வழங்கியில் ஒரு பழைய வாசலைத் திறந்து வைத்திருந்தார் சேக் பரீது.

பரீது பட்டினத்துக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அந்தப் பழைய கணினியைப் 'பெருசு' என்றுதான் குறிப்பிடுவார். "பெருசுக்குக் காது மந்தம் சார். நாமதான் கிட்ட போயி சத்தமா பேசணும்" என்பார். ஒரு கணினிக்காக ஒரு மருத்துவமனையே விதிவிலக்கு வைத்திருப்பது முறையா என்று நான் கேட்பதுண்டு. சிரித்துக்கொள்வார்.

விதிவிலக்கு வாசலோடு நிற்கவில்லை. ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் இடையே, நான் வருவதற்கு முன்பே, ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. வார்டில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்க ஆள் இருப்பதில்லை. ஆகவே, சாதாரண முடிவென்றால் ஆய்வகம் ஒரு தாள் அனுப்பும். உயிருக்கு ஆபத்தான அளவென்றால், அதே தாளை அடுத்தடுத்து மூன்று முறை அனுப்பும். வார்டில் இருப்பது ஊசிகளால் குத்தி அச்சிடும் பழைய பொறி. ஒரு தாள் கரகரத்து ஓய்ந்தால் செவிலியர்கள் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஓயாமல் மூன்று தாள் கரகரத்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். நோயாளிகளின் உறவினர்களுக்குக்கூட இது தெரியும். இரண்டாவது தாள் தொடங்கும்போது பேச்சு குறையும். மூன்றாவது தொடங்கும்போது வார்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த விதிநூலிலும் இல்லாத வழக்கம், ஐயா. யாரும் ஒப்புதல் கொடுத்ததில்லை. ஒரு செய்தியை மூன்று முறை சொன்னால்தான் காது கொடுப்பேன் என்பவனுக்கு நான் பாடம் நடத்தியதில்லை. ஆகவே சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு முடிவுக்கு ஒரு தாளே போதும், நகல்கள் நீக்கப்படும்.

அதை மாதக் கூட்டத்தில் படித்தபோது வினோதா எழுந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் கெட்டிக்காரி, வாயிலும் அப்படித்தான். "சார், இது பள்ளிக்கூடம் இல்லீங்க, மணி அடிச்சதும் கேட்டைச் சாத்துறதுக்கு. இங்க லேட்டா வர்றவனத்தான் மொதல்ல உள்ள விடணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் தமிழ்ச்செல்வன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமைச் செவிலியர் நீலாயதாட்சி, "நம்ம சார் கேட்டைச் சாத்துனா எமன்கூட வெளியதான் நிக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நான் கோபத்தில் எதையும் செய்தவன் அல்லன். மூன்று தாள் வழக்கம் தொடர்ந்தது. என் சுற்றறிக்கையின் பின்புறத்தில் யாரோ தேநீர்க் குவளையை வைத்திருந்ததையும் பார்த்தேன்.

அதன் பிறகுதான் பரீதை என் அறைக்கு அழைத்தேன். பழைய வாசல் வழியாக வரும் தாள்களை மட்டும் தனி வரிசையில் நிறுத்தி, என் ஒப்புதலுக்குப் பின் விடும்படி வழங்கியை அமைக்க இயலுமா என்று கேட்டேன்.

"அமைக்கலாம் சார். ஆனா அதுல வர்றது எல்லாம் ரத்த ரிசல்ட்டுங்க. நிறுத்தி வைக்கிற சமாச்சாரம் இல்ல."

நிறுத்துவதற்கன்று, பார்ப்பதற்கு என்றேன். எத்தனை தாள் வீணாகிறது என்று தெரிந்தால்தான் அறக்கட்டளைக்கு எழுத முடியும் என்றேன். அவர் தங்கைக்குத் திருமணம் வைத்திருந்த நேரம். விடுப்பு விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அமைத்துக் கொடுத்தார். ஒப்புதல் தரும் முறையையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"மூணு தாளா வந்தா மட்டும் பாக்காம விட்டுருங்க சார். எனக்காக."

சரி என்றேன். அப்போது அந்த எண்ணத்தில்தான் சொன்னேன்.

இந்த ஏற்பாட்டை வினோதாவிடம் நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் மறுபடியும் ஒரு கூட்டம், மறுபடியும் ஒரு சிரிப்பு. அவருடைய திரையில் வழக்கம்போல் 'அனுப்பப்பட்டது' என்றுதான் காட்டும். வழங்கி வாங்கிக்கொண்டதே, அதனால். வாங்கிக்கொண்ட வழங்கி என் சொல்லுக்குக் காத்திருக்கும். முடிவுகள் தாமதமாவதை உணர்ந்து அவர் ஒருநாள் மாடிப்படி ஏறி வருவார், 'என்னங்க சார், கொஞ்சம் பாருங்க' என்று கேட்பார், அப்போது விதியை எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. ஒரு கேள்வி.

முதல் சில நாட்கள் உடனுக்குடன் விடுவித்தேன். மூன்று தாளாக ஒருமுறை வந்தது. பரீதுக்குக் கொடுத்த வாக்குப்படி மூன்றையும் விட்டேன். கீழே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் மாடியேறி வரவில்லை. என் விரல் நகராமல் அந்த வார்டுக்கு ஒரு தாளும் போகாது என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது என்பதை நினைக்கும்போது, எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் செய்யும் காரியம் மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் அதில் ஒழுங்கு எங்கே? ஆகவே கொஞ்சம் தாமதித்தேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

செம்பியன் வந்தது அப்போதுதான்.

அவன் என் மாணவன், ஐயா. இதை உங்கள் அறிக்கையில் காணவில்லை. கடைசி வரிசையில் உட்காருவான், படிப்பு வராது. ஆனால் வரப்பு வழியாக நடந்து வந்தும் ஒருநாள்கூட மணிக்குப் பிந்தியதில்லை. பிறகு கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரி ஓட்டப் போய்விட்டான். காலையில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகாத கரி, நகக்கண்களில் இருந்தது. சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது, காலில் வலுவே இல்லை என்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றான்.

"உட்காரு" என்றேன்.

"உங்க முன்னாடி உக்காந்து பழக்கமில்ல சார். நீங்க எங்களை நிக்க வச்சே பழக்கிட்டீங்க" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு என்னை உறுத்தவில்லை. அதில் மரியாதை இருந்தது.

அவன் மனைவி காசியம்மா தூக்குச்சட்டியோடு நின்றாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம்னுதான் சார் நான் சொன்னேன். எங்க சார் இருக்குற எடத்துல எல்லாம் டயத்துக்கு நடக்கும்னு இவங்கதான் புடிவாதமா இங்க வந்தாங்க" என்றாள். நான் நீலாயதாட்சியிடம் சொல்லி, சன்னலோரக் கட்டில் கொடுக்கச் செய்தேன். அவனுடைய இரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மாடிக்குப் போனேன்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. என் திரையில் பழைய வாசலின் வரிசை திறந்திருந்தது. இரண்டு மூன்று நோயாளிகளின் சாதாரண முடிவுகள் காத்திருந்தன. அவற்றின் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று வரிகள் வந்து சேர்ந்தன. மூன்றிலும் செம்பியன் பெயர்.

தாளைத் திறந்து பார்த்தேன். பொட்டாசியம் என்ற உப்பின் அளவுக்கு நேராக நட்சத்திரக் குறி இருந்தது. அறியாதவன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். மருத்துவமனையில் பணிபுரிகிறவனுக்கு அது தெரியும். அந்த உப்பு அளவுமீறினால் இதயம் நின்றுவிடும். ஊசி போட்டு இறக்கிவிடலாம். ஆனால் உடனே போட வேண்டும்.

என் விரல் விடுவிக்கும் பொத்தானுக்கு மேலே இருந்தது. அழுத்தியிருப்பேன். அந்த நேரத்தில், மூன்று தாளும் கரகரக்கும் ஓசையும், அதைக் கேட்டு எல்லோரும் ஓடும் ஓசையும் என் காதில் முன்கூட்டியே விழுந்தன. அந்த ஓட்டத்துக்குப் பின் கூட்டத்தில் வினோதா எழுந்து என்ன சொல்வார் என்பதும் விழுந்தது. மூன்று தாள் செம்பியனைக் காப்பாற்றியது என்பார். பொய்யும் அன்று. அதன் பிறகு என் சுற்றறிக்கையை யார் மதிப்பார்கள்? விதியை எழுதியவனே அதை மீறினால், மற்றவர்களிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

ஆகவே விதியின்படி செய்தேன். இரண்டு நகல்களை நீக்கினேன். ஒன்று இருந்தது.

அதை உடனே விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். விட்டிருக்கலாம். நான் காத்திருந்தேன். மூன்று தாள் போனால் வார்டிலிருந்து யாராவது மருந்தகத்தின் பக்கம் ஓடுவது ஆய்வகத்துச் சன்னலில் தெரியும். ஒருவரும் ஓடாததை வினோதா கவனிப்பார். இன்றைக்காவது கேட்பார் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேன். தொலைபேசி அடித்தது.

"வணக்கம் சார். வினோதா பேசுறேங்க."

அவர் எனக்கு வணக்கம் சொன்னது அதுவே முதல்முறை.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க சார். வார்டுல போனை எடுக்க மாட்டேங்குறாங்க, பரீதும் லீவுல இருக்காரு. நம்ம பிரிண்ட் ஏதாவது அங்க மாட்டிக்கிட்டு நிக்குதாங்க? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். செம்பியன்னு ஒரு பேஷண்டு."

பார்க்கிறேன் என்றேன். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே, வரிசையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்தேன். வார்டு என் அறைக்கு நேர்கீழே இருக்கிறது. பொறி கரகரத்தது, ஓய்ந்தது. மறுபடி கரகரத்தது, ஓய்ந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். இடைவெளிவிட்டு, ஒழுங்காக. கடைசியாகச் செம்பியனுடையது. அதுவும் ஓய்ந்தது. யாரும் ஓடவில்லை.

"போய்விட்டது, அம்மா" என்றேன்.

"மூணுமா சார்?"

மழைச் சத்தத்தில் அவர் குரல் சன்னமாகத்தான் கேட்டது. ஆனால் கேட்டது. 'இல்லை, ஒன்றுதான்' என்று நான் சொல்லியிருந்தால் அவரே ஓடியிருப்பார். ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவே ஒரு முற்றம்தான். செருப்பில்லாமல், மழையில் நனைந்துகொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஓடுவது என் சன்னலிலிருந்து தெரிந்திருக்கும். வேண்டாம் என்று தோன்றியது. இவ்வளவு மரியாதையாகக் கேட்ட நாளில், மறுபடியும் என் விதி பொய்த்ததாக ஆகிவிடும்.

"போக வேண்டியது போயிற்று" என்றேன்.

"அப்பாடா. ரொம்ப நன்றிங்க சார்."

தொலைபேசியை வைத்தேன். தேநீர் வந்தது, குடித்தேன். கீழே காலடிச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். எதுவும் இல்லை. நோயாளிகள் உறங்கும் நேரத்தில் மருத்துவமனை அப்படித்தான் இருக்க வேண்டும். நான் சேர்ந்த பிறகு அவ்வளவு அமைதியாக அதைக் கண்டதில்லை. தேநீர்க் குவளையைக் கழுவி வைத்தேன். ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன்பே காசியம்மாவின் குரல் கேட்டது.

நான் இறங்கிப் போனபோது டாக்டர் தமிழ்ச்செல்வன் செம்பியனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். நீலாயதாட்சி தட்டிலிருந்த தாள்களைப் புரட்டினார். செம்பியனுடையதைப் பார்த்ததும் அவர் கை நின்றது. "ஒண்ணுதானே அடிச்சுது. ஒண்ணுதானே சார் அடிச்சுது" என்று என்னிடம் சொன்னார். ஆம் என்றேன். வினோதா முற்றத்தைக் கடந்து ஓடிவந்து, மூன்று அனுப்பினேன், மூன்று அனுப்பினேன் என்று எல்லோரிடமும் சொன்னார். தட்டில் ஒன்றுதான் இருந்தது. அவர் பேச்சை ஒருவரும் ஏற்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "சார், நீங்க போச்சுன்னீங்களே" என்றார். போய்த்தானே இருக்கிறது என்று தாளைக் காட்டினேன்.

திருமணம் முடிந்து திரும்பிய பரீது வழங்கியைத் திறந்து பார்த்தார். அதில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் எதையும் அழிக்கவில்லை. என் அறைக்கு வந்தார். "எனக்காகன்னு கேட்டேனே சார்" என்றார். அவ்வளவுதான். உங்களிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த வரிசையை அமைத்தது தாம்தான் என்ற கூச்சம் அவருக்கு. கூச்சப்பட அவர் செய்த பிழை ஏதுமில்லை. நான் கேட்டதைக் குறைவில்லாமல் செய்து கொடுத்தார்.

ஆகவே வரைவைத் திருத்துங்கள். இயந்திரக் கோளாறு என்பதை அடித்துவிடுங்கள். பரீதின் பெயரையும் வினோதாவின் பெயரையும் எடுத்துவிடுங்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: 'நிர்வாக அலுவலர் உத்திராபதி, மூன்று தாள்களின் பொருளை அறிந்தே இரண்டை நீக்கினார். நோயாளியின் நிலையை அறிந்தே மூன்றாவதை நிறுத்திவைத்தார். ஒற்றைத் தாளுக்கு ஒருவரும் ஓடிவர மாட்டார்கள் என்பதை அறிந்தே அதை விடுவித்து, கேட்டவரிடம் போயிற்று என்றார்.' இதில் கையொப்பமிடுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லும் வாக்கியங்களுக்கு நான் அஞ்சியவன் அல்லன்.

இன்னும் ஒன்று உண்டு. அறிக்கைக்குத் தேவைப்படாது. செம்பியனுக்குக் காரியமெல்லாம் முடிந்த பின் காசியம்மா என்னைப் பார்க்க வந்தாள். வினோதாவைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறாள். வார்டில் கேட்டு வாங்கிய அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "இதுல என்ன சார் போட்டிருக்கு?" என்று மேசையில் விரித்தாள். நான் படித்துக் காட்டினேன். பெயர், வயது, உப்பின் அளவு, நட்சத்திரக் குறியின் பொருள். பொறுமையாக, ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லாக. தாளின் மூலையில் விரலை வைத்து, "இது என்ன சார்?" என்றாள். ஆய்வகம் முடிவை அனுப்பிய நேரம் என்றேன். அதன் கீழே இருந்ததையும் கேட்டாள். அச்சான நேரம் என்றேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தாளை மறுபடி மடித்துக்கொண்டு, வாசல்வரை பின்னோக்கியே நடந்து, வெளியே போனாள்.

எழுத்து எதுவும் மங்கவில்லை, ஐயா. ஒரு தாளே போதுமென்று நான் சொன்னது சரிதான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்தப் பெண்ணுக்குக்கூட அது முழுவதும் விளங்கிற்று.